தாமு தோத்ரே பற்றி ஆவணப்படம்: உயிருள்ள மிருகம் ஒன்றுகூட இல்லாமல் எப்படி எடுப்பது?

உவர்மலைக் கமரா எழுதியது:

வணக்கம் உறவுகளே.

தாமு தோத்ரே பற்றி 30 நிமிடத் தமிழ் ஆவணப்படம் ஒன்றைத் திருகோணமலையில் இருந்தபடியே செய்யப்போகிறோம். மூன்று பேர், ஒரு கமரா, ஒரு ஒலிப்பதிவுக் கருவி. பெயர் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1902இல் பூனாவில் பிறந்தவர். தாய்மாமனின் சர்க்கஸில் சிறுவனாகச் சேர்ந்தார். பின்னாளில் பிரெஞ்சுப் பயிற்சியாளர் அல்பிரெட் கூரோடு வேலை செய்து, 1940இல் கூர் அமெரிக்காவின் ரிங்லிங் சகோதரர்கள் சர்க்கஸுக்குப் போனபோது அவருடைய குழுவில் போனார். சிறுத்தை, கருஞ்சிறுத்தை, பூமா, ஜாகுவார் என்று கலந்து வைத்து வித்தை காட்டியவர். 1973இல் காலமானார். தமிழில் இவரைப் பற்றி உருப்படியான படம் இல்லை.

மிருகத்தை வைத்துப் படம் பிடிக்கப்போவதில்லை என்பதில் மூவரும் உறுதி. பழைய அசையும் படங்கள், புகைப்படங்கள், சில நேர்காணல்கள், மிருகமில்லாத மீள்காட்சி, இவ்வளவுதான் கையில். எங்கள் சந்தேகங்கள்:

பழைய சுருள்களில் எல்லாம் வேகமாக ஓடுகிறது, எப்படிச் சரிசெய்வது? பயிற்சி உண்மையில் எப்படி நடந்தது என்பதைப் பார்ப்பவருக்கு எப்படி விளங்க வைப்பது? ஒலிக்கு என்ன செய்வது? உரிமை விசயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? திருகோணமலையோடு ஒரு தொடுப்பு இருந்தால் நல்லது என்று ஒருவர் சொல்கிறார். அது தேவையா?

பழைய சுருள் எழுதியது:

தம்பி, முதலில் வேகத்தைப் பிடியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அந்தக் காலத்து 16 மி.மீ. மௌனச் சுருள், குறிப்பாக ரசிகர்கள் கையால் எடுத்தது, செக்கனுக்கு 16 சட்டகம், அதாவது 16 பிரேம். அதை 24இல் ஓடவிட்டால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகம். வேறு படங்களில் இது சிரிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். மிருகப் பயிற்சியாளர் படத்தில் இது பொய்யாகிவிடும். சிறுத்தை நிதானமாக ஓர் அடி எடுத்து வைப்பது பாய்ச்சலாகத் தெரியும். பயிற்சியாளர் அமைதியாகப் பின்வாங்குவது பயந்து ஓடுவதாகத் தெரியும். அவருடைய தொழிலே நிதானம். அதை வேகம் தின்றுவிடும்.

100 அடி 16 மி.மீ. சுருளில் 4000 சட்டகம். 16இல் ஓடினால் 4 நிமிடம் 10 செக்கன், 24இல் 2 நிமிடம் 47 செக்கன். காப்பகம் அனுப்பும் பைலின் நீளத்தையும் சுருளின் அடிக்கணக்கையும் ஒப்பிட்டாலே பாதி விடை வந்துவிடும். அடிக்கணக்கு தெரியாவிட்டால் விழும் பொருளைத் தேடுங்கள். ஒரு மீற்றர் உயரத்தில் கையிலிருந்து நழுவும் பொருள் தரையைத் தொட 0.45 செக்கன் ஆகும். 16இல் எடுத்த படத்தில் அது 7 சட்டகம், 24இல் எடுத்ததில் 11 சட்டகம். குச்சியிலிருந்து விழும் இறைச்சித் துண்டு, தொப்பி, பந்து எதுவும் உதவும். மிருகம் குதிப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது மேல்நோக்கி எழும்பித்தான் இறங்கும்.

காப்பகத்திடம் கேட்கும்போது, சட்டகம் சட்டகமாக ஸ்கான் செய்த படவரிசையைக் கேளுங்கள். "வேகம் சரிசெய்த" வீடியோ வேண்டாம். அவர்களிடம் 24ஆக மாற்றிய வீடியோ மட்டும்தான் இருக்கிறது என்றால், சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பாருங்கள். மூன்றாவது ஒவ்வொன்றும் முன்னதன் பிரதியாக இருந்தால் 16இலிருந்து நீட்டியிருக்கிறார்கள். அந்தப் பிரதிகளை நீக்கிவிட்டால் மூலம் கிடைக்கும். உங்கள் நேர்காணல்கள் 25இல், ஷட்டர் 1/50இல் இருக்கட்டும். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், 30இல் எடுத்தால் குழல்விளக்கு துடிக்கும். 16ஐ 25க்குள் கொண்டுவரும்போது சட்டகத்தை மீண்டும் காட்டும் முறையைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டு சட்டகத்தைக் கலக்கும் முறையைத் தொட வேண்டாம். கலந்தால் ஒரே சாட்டை இரண்டாகவும் சிறுத்தைக்கு எட்டுக் காலாகவும் தெரியும்.

காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி. கொடக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் இருக்கும். அது பிலிம் தயாரான ஆண்டு. ஆனால் அந்தக் குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆகவே 1942 என்று காட்டுவது 1922ஆகவும் இருக்கலாம், 1962ஆகவும் இருக்கலாம். 16 மி.மீ. சுருள் என்றால் 1922 அடிபட்டுப் போகும், ஏனென்றால் 16 மி.மீ. பிலிம் வந்ததே 1923இல்தான், அதில் கொடக்கின் வண்ணப் பிலிமான கொடக்ரோம் வந்தது 1935இல். மிச்சமுள்ள இரண்டில் எது என்பதை வண்டிகளும் ஆட்களின் உடுப்பும் சொல்லும்.

கொடக்ரோமைப் பற்றி இன்னொன்று. ஆரம்பகாலச் சுருளுக்கு ஒளியுணர்திறன் மிகமிகக் குறைவு. கூடாரத்துக்குள் எடுத்தால் இருட்டுத்தான். அதனால் ரசிகர்கள் எடுத்த வண்ணப்படங்களில் பெரும்பகுதி வெளியே, வெயிலில் எடுத்தவை: கூண்டு வண்டிகள், யானைகள், கூடாரம் எழும்புவது. கூண்டுக்குள் நடக்கும் வித்தை வண்ணத்தில் நிறையக் கிடைக்கும் என்று கதைவசனம் எழுதிவிடாதீர்கள். கிடைப்பதை முதலில் பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

எங்கே தேடுவது என்றால்: இல்லினோய் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மில்னர் நூலகத்தில் சர்க்கஸுக்கென்றே ஒரு சேகரிப்பு உண்டு. விஸ்கொன்சின் பரபூவில் சர்க்கஸ் வேர்ல்ட் அருங்காட்சியகம், புளோரிடா சரசோட்டாவில் ரிங்லிங் அருங்காட்சியகம். ஆசியச் சுற்றுப்பயணங்களுக்கு சிங்கப்பூர் தேசிய நூலகச் சபையின் பத்திரிகைத் தளமும் அவுஸ்திரேலியாவின் ட்ரோவும் வீட்டிலிருந்தே பார்க்கலாம், இலவசம். பெயரை ஆங்கிலத்தில் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். தாமுவின் கடைசி உயிரெழுத்தை இரட்டை ஓ போட்டும் யூ போட்டும், தோத்ரேயில் எச் வைத்தும் விட்டும், நாலு விதமாகத் தேட வேண்டும். சர்க்கஸின் பெயரைப் போட்டு ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடினால் இன்னும் அகப்படும்.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கு "நூலகம்" என்ற இணையத்தளம். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. நூலகத்தில் இல்லாத இதழ்களைக் கொழும்பு 07 தேசிய சுவடிகள் காப்பகத்தில் கேளுங்கள். சர்க்கஸ், ஸர்க்கஸ், சர்க்கசு, வித்தை, காட்சிச்சாலை என்று எல்லாச் சொல்லையும் மனதில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். ஸ்கான் செய்த பக்கத்தின் எழுத்தைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. விளம்பரப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். சர்க்கஸ் செய்தியாக வருவது அரிது, விளம்பரமாகத்தான் வரும்.

லிங்கநகர் எழுதியது:

பயிற்சி எப்படி நடந்தது என்ற கேள்விதான் படத்தின் முதுகெலும்பு. "துணிச்சல்", "கண்ணாலே வசியம்", "அன்பால் வென்றார்" இந்த மூன்றையும் கதைவசனத்திலிருந்து எடுத்துவிட்டுத் தூரத்தைக் காட்டுங்கள்.

சுவிஸ் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு விலகல் தூரம் உண்டு. அதற்குள் ஆள் காலெடுத்து வைத்தால் மிருகம் பின்வாங்கும். ஆள் வெளியே வந்தால் மிருகம் நின்றுவிடும். பின்வாங்க இடமில்லாமல் ஆள் இன்னும் நெருங்கினால், ஓர் எல்லையில் அது திரும்பிப் பாயும். அந்த எல்லைதான் ஆபத்துத் தூரம். பயிற்சியாளர் இந்த இரண்டு கோட்டுக்கும் இடையில் வேலை செய்கிறார். மிருகத்துக்கும் அவருக்கும் நடுவில், மிருகம் ஏறி நிற்கும் பீடம் இருக்கிறது என்று வையுங்கள். ஆபத்துத் தூரத்தை மயிரிழை தொட்டால் மிருகம் அவரை நோக்கி வரும், வரும் வழியில் பீடத்தில் ஏறும். ஏறிய கணத்திலேயே அவர் ஓர் அடி பின்னால் போய்விடுவார். நெருக்கடி நீங்கியதால் மிருகம் அங்கேயே நிற்கும். குச்சி நுனியில் இறைச்சித்துண்டு வரும். இது நூறு தடவை நடந்தால் பீடம் அதன் இடமாகிவிடும். பார்வையாளர் கண்ணுக்கு "ஏறு என்றார், ஏறியது" என்று தெரிவதன் உள்ளே இருப்பது அந்த ஓர் அடிதான்.

ஆகவே பழைய காட்சியில் சிறுத்தையை மட்டும் பார்க்க விடாதீர்கள். ஒரே துண்டை இரண்டு தடவை காட்டுங்கள். முதல் தடவை அப்படியே. இரண்டாம் தடவை மற்றதெல்லாவற்றையும் மங்கலாக்கிப் பயிற்சியாளரின் கால்களை மட்டும் தெளிவாக விடுங்கள். எந்தச் சட்டகத்தில் அவர் எடையைப் பின்காலுக்கு மாற்றுகிறார் என்று பாருங்கள். விளக்கவுரை இரண்டே வரி போதும். இந்த இடத்தில்தான் மேலே சொன்ன வேகத் திருத்தம் உயிராகிறது.

இன்னும் சில விசயம் சொல்லவேண்டும். பயிற்சியாளர் மிருகங்களுக்கு முன்பே கூண்டுக்குள் போவார். மிருகம் முதலில் போனால் அந்த இடம் அதனுடையது, பிறகு வருபவர் அந்நியர். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரே பீடம், ஒரே வரிசை. சண்டை பெரும்பாலும் வித்தையில் வருவதில்லை. தன் பீடத்துக்குப் போகும் வழியில் இரண்டு மிருகம் முட்டிக்கொள்ளும்போது வரும். கலப்புக் குழுவில் இது இன்னும் கடினம், ஏனென்றால் சிறுத்தையின் உடல்மொழியைப் பூமா அப்படியே எடுத்துக்கொள்ளாது. கூரின் குழுக்களில் நாய்கள்கூட இருந்தன.

"சாந்தமான பயிற்சி" என்ற சொல்லைக் கார்ல் ஹாகன்பெக் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரப்பினார். சூட்டுக்கோலுக்கும் அடிக்கும் பதிலாக உணவும் பழக்கமும் என்பது அவர் வாதம். அதை வரலாறாகச் சொல்லுங்கள், நற்சான்றிதழாகச் சொல்லாதீர்கள். படம் பிடிக்கப்பட்டவை அரங்கேற்றங்கள். ஒத்திகைகள் அரிதாகவே படமாயின. "நாம் பார்ப்பது முடிந்த வித்தையை. அது எப்படி உருவானது என்பதன் பெரும்பகுதி கமராவுக்கு வெளியே நடந்தது" என்று ஓரிடத்தில் நேராகச் சொல்லிவிடுங்கள். தாமு சொல்ல இன்னொருவர் எழுதிய ஆங்கில நினைவுக்குறிப்பு ஒன்று இருக்கிறது. அதுவும் விற்பனைக்காக எழுதப்பட்டது. அதில் வரும் ஒவ்வொரு சம்பவத்தையும் அந்தக் காலப் பத்திரிகைகளோடு ஒப்பிட்டபிறகே எடுங்கள்.

உடுப்பையும் பேசுங்கள். வெற்று மார்பு, தலைப்பாகை. அமெரிக்கச் சர்க்கஸ் ஓர் இந்தியரை எப்படி விற்றது என்பது அந்தச் சுவரொட்டிகளிலேயே இருக்கிறது.

1940களின் ரிங்லிங் என்றால், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அவர்கள் கூடாரத்தில் பிடித்த தீ வராமல் இருக்காது. 1944 ஜூலை 6. குறைந்தது 167 பேர் இறந்தார்கள். கூடாரத் துணியில் நீர் புகாமலிருக்கப் பரஃபின் மெழுகைப் பெற்றோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள், அதுதான் நெருப்பை ஓடவைத்தது. மிருக வித்தை முடிந்து மிருகங்கள் வெளியேறிக்கொண்டிருந்த நேரம். மிருகங்கள் போவதற்கான கம்பிச் சுரங்கம் சனங்கள் ஓடும் வழியை மறித்தது. அன்று கூண்டுகளில் நின்றவர்கள் மே கோவாரும் ஜோசப் வால்ஷும். தாமு அல்ல. தீக்காட்சியில் தாமுவின் முகத்தை ஒட்டிவிடாதீர்கள், அது சுலபமாக நடந்துவிடும் பிழை. கம்பிச் சுரங்கத்தின் வரைபடம் ஒன்றைக் காட்டினால் அந்தச் சர்க்கஸின் அமைப்பே விளங்கும்.

முடிவில் சட்டம். இந்தியாவில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தைக்குப் பழக்குவதை 1998 அறிவித்தல் தடைசெய்தது. 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ரிங்லிங் 2016இல் யானைகளை நிறுத்தி, 2017இல் மூடி, 2023இல் மிருகமில்லாமல் திரும்பி வந்தது. இதற்கு ஒரு நிமிடம் போதும், இழுக்க வேண்டாம்.

நிலாவெளி ஒலி எழுதியது:

ஒலி பற்றி மட்டும்.

மௌனச் சுருளுக்குச் சிங்கக் கர்ச்சனை போடாதீர்கள். ஒவ்வொரு மிருகத்துக்கும் வேறு குரல். சிறுத்தையின் குரல் கைவாளால் பலகை அறுப்பதுபோல, உள்மூச்சும் வெளிமூச்சுமாகத் திரும்பத் திரும்ப வரும். ஜாகுவாருக்கு இருமல்போல். பூமா கர்ச்சிக்காது, அதன் தொண்டை அமைப்பு அதற்கில்லை. கலப்புக் குழுவுக்கு ஒரே கர்ச்சனையைப் போட்டால் மிருகம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே படத்தை நம்பாமல் விட்டுவிடுவார். தெகிவளை மிருகக்காட்சிசாலையில் அனுமதி எடுத்து, வாசல் திறக்குமுன் பதிவுசெய்தால் சிறுத்தைக்குரல் கிடைக்க வாய்ப்புண்டு.

சாட்டை. அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டுவதால்தான் அந்த வெடிச்சத்தம். அளவுமானி காட்டும் முன்பே உச்சம் வெட்டுப்பட்டுவிடும். 32 பிட் மிதவைப் பதிவு இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது தடத்தை 20 டெசிபல் குறைத்து வையுங்கள். மைக் 10, 12 அடி தள்ளி, நேரே நோக்காமல் பக்கவாட்டில். திறந்தவெளியில் அடியுங்கள், மண்டபத்துக்குள் அடித்தால் எதிரொலி கூடாரம்போல் இருக்காது. துணிக்கூடாரம் ஒலியைத் திருப்பி அனுப்புவது குறைவு.

கூடாரத்தின் பின்னணி ஒலிக்குக் கனமான தறப்பாள் ஒன்றை நாலு மூலையில் கட்டி, காற்றில் அடிக்கவிட்டுக் கீழே மைக்கை வையுங்கள். இங்கே கச்சான் காலத்தில் அது தானாகவே நடக்கும். அதே கச்சான் நேர்காணலுக்கு எதிரி. மே முதல் செப்ரெம்பர் வரை வெளிப்புற நேர்காணலைக் காலை 7.30க்குள் முடியுங்கள். மைக்குக்குக் காற்றுத்தடுப்பு மயிர்க்கவசம் போட்டு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினாலும் பகல் கச்சானை அடக்க ஏலாது. வீட்டுக்குள் என்றால் மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். மோட்டார்சைக்கிள் சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் திரும்பப் போட மறக்காது. ஆள் பேசி முடிந்ததும் ஒருவரும் அசையாமல் 60 செக்கன் அறையின் மௌனத்தை எடுங்கள், வெட்டிய இடங்களை மூட அதுதான் துணி. பதிவு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபல்.

விளக்கவுரைக்குத் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள். 30 நிமிடப் படத்தில் பாதிக்குப் பேச்சு என்றால் 1400 சொல். அதற்கு மேல் எழுதினால் வாசிப்பவர் ஓடுவார், படமும் பின்னால் ஓடும்.

உவர்மலைக் கமரா எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. லிங்கநகர் அக்கா சொன்ன "கால்களை மட்டும்" என்ற இடத்தில் எங்கள் கதைவசனமே மாறிவிட்டது.

மீதி மூன்று. மீள்காட்சிக்கு வளையம் போடுவதென்றால் எவ்வளவு இடம், எவ்வளவு மரத்தூள்? உரிமையும் அனுமதியும்? பிறகு, இணையத்தில் கிடைத்த புகைப்படங்களில் சிலவற்றில் சாட்டை வலக்கையில், சிலவற்றில் இடக்கையில். எது சரி?

பாலையூற்று எழுதியது:

வளையம்: சர்க்கஸ் வளையம் 42 அடி விட்டம். 1768இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி குதிரைச் சவாரியோடு தொடங்கிய வளைய மரபிலிருந்து வந்தது அது. குதிரையின் மேல் நிற்பவர் உட்புறம் சாய்ந்து சமநிலை பிடிக்க அந்த வட்டம் பொருந்தியது. நடுவில் ஒரு முளை, 21 அடி கயிறு, நுனியில் ஒரு கம்பி. ஐந்து நிமிடத்தில் கீறிவிடலாம். முற்றவெளியோ பெரிய வெறும் வளவோ போதும்.

முழு வட்டமும் நிரப்ப வேண்டாம். 42 அடி வட்டத்தின் பரப்பு 1385 சதுர அடி. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ 115 கன அடி மரத்தூள், 75 லீற்றர் சாக்குகளில் 43, 44 சாக்கு. கமரா ஒருபோதும் முழு வட்டத்தையும் பார்க்காது. கால்வாசி வில்லுக்கு 11, 12 சாக்கு போதும். கோணத்தை மாற்றுவதற்குப் பதிலாக ஆளை மாற்றி நிறுத்துங்கள். மரக்காலையில் சலித்துக் கேளுங்கள். சிராய் கலந்தால் கமராவில் விறகுத்தூள்போல் தெரியும். தேக்குத்தூள் கறுப்புவெள்ளையில் மண்ணாகத் தெரியும், வெளிர்மரத் தூள்தான் எடுபடும். போட்டபின் பூவாளியால் நீர் தெளியுங்கள். தெளிக்காவிட்டால் முதல் காற்றிலேயே லென்சுக்குள் போகும்.

மிருகம் இல்லாமல் கூண்டைக் காட்டக் கம்பியின் நிழலே போதும். நிழல் கூர்மையாக விழ ஒளிமூலம் சிறியதாகவும் தூரமாகவும் இருக்க வேண்டும். ஒளியை மென்மையாக்கும் விரிப்புத்துணி இல்லாத ஒரே எல்.ஈ.டி. விளக்கை 15, 20 அடி தள்ளி வையுங்கள், கம்பிகள் தரைக்கு 2, 3 அடிக்குள் இருக்கட்டும். பெரிய மென்விளக்கைப் பக்கத்தில் வைத்தால் கம்பியெல்லாம் புகையாகிவிடும். காலை ஏழு மணி வெயில் எந்த விளக்கையும்விட நல்லது. பீடத்தின் உயரத்தைக் கற்பனையில் போடாதீர்கள். பழைய படத்தில் பீடத்தின் பக்கத்தில், கமராவிலிருந்து அதே தூரத்தில் நிற்கும் ஆளின் முழங்காலோடு ஒப்பிட்டு அளந்து பலகையில் செய்யுங்கள்.

மீள்காட்சி ஓடும் முழுநேரமும் திரையின் மூலையில் "மீள்காட்சி" என்று இருக்கட்டும். முதல் மூன்று செக்கனோடு எடுத்துவிடாதீர்கள். இடையில் வந்து பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும்.

அனுமதி: பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் துறைமுகக் கரையிலும் கமராக்காலோடு போவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள், முன்னது படைமுகாமும் தொல்லியல் இடமும், பின்னது கடற்படைப் பகுதி. ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவு வேண்டும், இந்த ஊரில் பறக்கவிடாமல் இருப்பதே புத்தி. கடிதத்தில் "புலி" என்ற சொல்லை எழுதாமல் "சிறுத்தை" என்றே எழுதுங்கள். அது சரியான சொல்லும்கூட. இங்கே சிறுத்தையைப் புலி என்று சொல்வது பேச்சுவழக்கு, விளக்கவுரையில் இரண்டும் கலந்தால் பார்ப்பவர் வேங்கையை நினைப்பார். பழைய ஆங்கிலப் பத்திரிகையில் "பாந்தர்" என்று வருவதும் பெரும்பாலும் சிறுத்தைதான்.

உரிமை: அமெரிக்காவில் முதலில் வெளியானவற்றில், 1964க்கு முன் வந்து 28ஆம் ஆண்டில் உரிமை புதுப்பிக்கப்படாதவை பொதுவுடைமை, யாரும் எடுத்தாளலாம். புதுப்பிக்கப்பட்டவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. புதுப்பித்தல் பதிவேடுகளை ஸ்கான் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். சர்க்கஸின் பெயர், படம் எடுத்தவர் பெயர் இரண்டிலும் தேடுங்கள். 1929 முதல் 1967 வரையான யூனிவேர்சல் செய்திச்சுருள்கள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடையாகப் போனவை, அங்கிருந்து தொடங்குவது நல்லது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தனியாக நிற்கிறது, பொதுவாக ஆக்கியவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும். ஆகவே அங்கே பொதுவுடைமை என்பதால் இங்கேயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காப்பகத்துக்குக் கட்டணம் கட்டினாலும் அது பிரதிக்கான கட்டணமா உரிமைக்கான கட்டணமா என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டும் வேறு. முதலில் நீர்க்குறியோடு தாழ்தர மாதிரியை வாங்கித் தொகுத்து முடியுங்கள், இறுதியில் நிற்கும் செக்கன்களுக்கு மட்டும் கட்டுங்கள்.

சர்க்கஸ் என்றதும் எல்லோரும் போடும் அந்த அணிநடை இசை யூலியஸ் ஃபூச்சிக் 1897இல் எழுதியது. அவர் 1916இல் இறந்துவிட்டார், இசைக்கு உரிமைத் தடை இல்லை. ஆனால் நீங்கள் இறக்கிய ஒலிப்பதிவுக்கு இருக்கும். இந்தப் படத்துக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

திருகோணமலைத் தொடுப்பு: ஆதாரம் கிடைக்காதவரை தாமு இங்கே வந்தார் என்ற சாயல்கூட வேண்டாம். இலங்கைத் தொடுப்பு வேண்டுமென்றால் உண்மையானது ஒன்று இருக்கிறது. கார்ல் ஹாகன்பெக்கின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலிருந்து மிருக வியாபாரம் செய்தவர். தெகிவளை மிருகக்காட்சிசாலை அவருடைய சேகரிப்பிலிருந்து வளர்ந்தது. 1936இல் கம்பனி கலைக்கப்பட, அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சர்க்கஸ் கூண்டுக்கு மிருகம் எங்கிருந்து போனது என்ற கேள்விக்கு இந்தத் தீவும் ஒரு விடை. அதற்கு இரண்டு நிமிடம் கொடுக்கலாம்.

பழைய சுருள் எழுதியது:

சாட்டைக் கை பற்றி. தம்பி, இதைச் சிறுத்தையே சொல்லும்.

நெகற்றிவைப் புரட்டி வைத்து ஸ்கான் செய்தால் படம் இடவலமாக மாறும். சட்டை போட்டவர் என்றால் பொத்தான் பக்கத்தைப் பார்த்தால் முடிந்தது. இவர் வெற்று மார்போடு நிற்பதால் அது உதவாது. பின்னணியில் எழுத்து இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் புள்ளிகளைப் பாருங்கள். சிறுத்தையின் தோலில் ரோசாப்பூப்போல் இருக்கும் புள்ளிக்கூட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தது, வில்பத்திலும் யாலையிலும் ஆய்வாளர்கள் சிறுத்தையை அடையாளம் காண்பதும் அதை வைத்துத்தான். இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றுபோல் இருக்காது. சந்தேகமில்லாத ஒரு படத்தை, உதாரணமாக எழுத்து தெரியும் சுவர் பின்னால் உள்ளதை, ஆதாரமாக வையுங்கள். அதில் தெரியும் விலாவில் மூன்று நான்கு புள்ளிக்கூட்டங்களைத் தாளில் ஒற்றி எடுங்கள். சந்தேகப்படும் படத்தில் அதே மிருகத்தின் மறுவிலாவில் அந்த உருவம் கண்ணாடியில் பார்த்ததுபோல் வந்தால், படம் புரண்டிருக்கிறது.

கருஞ்சிறுத்தைக்கும் புள்ளி உண்டு. பக்கவெளிச்சம் விழும் படங்களில், கறுப்புக்குள் கறுப்பாகத் தெரியும். 16 பிட் டிஃப் ஆக ஸ்கான் செய்து இருண்ட பகுதியை மட்டும் மெல்ல உயர்த்தினால் எழும்பி வரும். 8 பிட் ஜேபெக்கில் அங்கே வெறும் சதுரக்கட்டங்கள்தான் இருக்கும். 4 அங்குலம் x 6 அங்குலப் பிரதியை 600 டி.பி.ஐ.யில் எடுத்தால் 2400 x 3600 புள்ளி. முழுப்படமாகக் காட்ட அது போதும், விலாவை நெருங்கிப் பார்க்க 1200இல் எடுங்கள். பத்திரிகைப் படத்தில் இதைச் செய்ய முடியாது, அச்சுப்புள்ளிதான் பெரிதாகும்.

இந்த வேலை முடியும்வரை செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெருப்பிக்கவோ நிறம் பூசவோ வேண்டாம். அந்த மென்பொருள் தெரியாத இடத்தில் தானாகப் புள்ளி போடும். அது போட்ட புள்ளி அழகாக இருக்கும், ஆனால் அந்தச் சிறுத்தையுடையது அல்ல.

ஒப்பிட்டு முடித்த படங்களில் ஒரே மிருகம் எத்தனை ஆண்டுப் படத்தில் வருகிறது என்று குறித்து வையுங்கள். 1940 படத்திலும் அதற்குப் பல ஆண்டு பிந்திய படத்திலும் ஒரே புள்ளி அகப்பட்டால், அந்த மிருகம் எவ்வளவு காலம் கூண்டில் இருந்தது என்பதை எந்த நினைவுக்குறிப்பையும் நம்பாமல் நீங்களே சொல்லலாம். அந்த இரண்டு விலாவையும் அருகருகே வைத்து எட்டுச் செக்கன் விடுங்கள், விளக்கவுரை வேண்டாம்.